தண்ணீருக்குக் காவல், உடம்புக்கு மருந்தல்ல

தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடிநீரைப் பற்றி நாங்கள் நடத்திய கலந்துரையாடலில் தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஆனால் அரங்கத்தைச் சூடாக்கியது வேறொரு கேள்வி. மூத்த அம்மா ஒருவர் தம் கைத்தொலைபேசியை உயர்த்திக் காட்டியபடி இப்படிக் கேட்டார்:

“ஏம்மா, குளோரின் டை ஆக்சைடுன்னு ஒரு சொட்டு மருந்தைப் பத்தி வாட்ஸ்அப்ல வந்திருக்கு. தண்ணி சுத்தம் பண்ண பல நாட்டுல இதைத்தான் போடறாங்களாம். அப்படின்னா தினமும் ரெண்டு சொட்டு கலந்து குடிச்சா உடம்புக்குள்ள இருக்கிற கிருமியும் செத்துடும்தானே?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்வது வயிற்றில் உள்ள கிருமியைக் கொல்லாதா? இந்த ஒரு வரியை வைத்துத்தான் உலகில் பலரை ஏமாற்றியிருக்கிறார்கள். நிகழ்ச்சியில் நேரம் போதாமல் சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரிவாகத் தருகிறேன். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தது மக்கள் தொடர்பியல், வேதியியல் அல்ல. அதனால் எனக்கு எப்படிப் புரிந்ததோ அப்படியே சொல்லப் பார்க்கிறேன்.

மாட்டு வண்டியில் வந்த தண்ணீர்

தஞ்சோங் பகாருக்குப் பக்கத்தில்தான் கிரேத்தா ஆயர் இருக்கிறது. மலாய் மொழியில் அந்தப் பெயருக்குத் ‘தண்ணீர் வண்டி’ என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் ஆன் சியாங் மலைப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போனதால் வந்த பெயர் அது. தஞ்சோங் பகார் கப்பல் பட்டறை நிறுவனம் 1864இல் தொடங்கியது. அதன் பிறகு துறைமுக வேலைக்கு வந்த தமிழர்கள் பலர் இந்த வட்டாரத்தில்தான் குடியிருந்தார்கள். அன்றைக்குக் கிணறும் வண்டியும் தந்ததுதான் தண்ணீர்.

நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று வணிகர் டான் கிம் செங் 1857இல் 13,000 வெள்ளி நன்கொடை கொடுத்தார். எஸ்பிளனேட் பூங்காவில் அவர் பெயரில் உள்ள நீரூற்றைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் பணம் கொடுத்தும் வேலை இழுத்துக்கொண்டே போனது. இன்று மெக்ரிட்சி என்று நாம் சொல்லும் நீர்த்தேக்கத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வர 1870களின் பிற்பகுதி ஆகிவிட்டது. இதற்கிடையில் 1873இல் சிங்கப்பூரில் காலரா பரவியது.

காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதை லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ 1854லேயே காட்டிவிட்டார். பிராட் ஸ்திரீட் என்ற தெருவில் இருந்த அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னவர் அவர். ஆனால் தண்ணீரில் உள்ள கிருமியை எப்படிக் கொல்வது என்பதற்கு நடைமுறைக்கு ஏற்ற வழி கிடைக்க இன்னும் 50 ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைஃபாய்டு பரவியபோது 1905இல் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலந்தார்கள். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி 1908இல் அதைப் பின்பற்றியது. பிறகு உலகமெங்கும் அந்தப் பழக்கம் பரவியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறார்களே, அதுவும் இதே வழிதான். குழாய் முனையில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரவிதி.

குளோரின் போதாதா?

பிறகு எதற்குப் புதிதாக ஒன்று? காரணம் இருக்கிறது. ஆற்று நீரிலும் ஏரி நீரிலும் மக்கிய இலை தழைகளின் சாறு கரைந்திருக்கும். குளோரின் அதோடு சேரும்போது டிரைஹாலோமீத்தேன் என்ற வேண்டாத பொருள்கள் உருவாகின்றன என்பதை நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் யோஹானஸ் ரூக் என்ற வேதியியலாளர் 1974இல் வெளியிட்டார். இந்த வகைப் பொருள்கள் சில அளவுக்கு மேல் நெடுங்காலம் உடம்பில் சேர்வது நல்லதல்ல என்பதால் நாடுகள் அதற்கு வரம்பு வைத்தன. அதற்காகக் குளோரினை நிறுத்திவிட முடியாது. கிருமி இன்றே கொல்லும்; மற்றது நெடுநாள் கணக்கு. கிருமியை விட்டுவிடாமல் வேண்டாத பொருளையும் குறைக்க வேண்டும் என்று தேடியபோது கைகொடுத்தவற்றில் ஒன்றுதான் குளோரின் டை ஆக்சைடு.

பெயரைப் பார்த்து இதுவும் குளோரின்தான் என்று நினைக்க வேண்டாம். ஒரு குளோரின் அணுவோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு இது. பச்சை கலந்த மஞ்சள் நிறம். 1811இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். குளோரின் பொருள்களோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. குளோரின் டை ஆக்சைடோ கிருமியின் புரதங்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். புரதம் சிதைந்தால் கிருமி பிழைக்காது. இலைச் சாற்றோடு ஒட்டாததால் டிரைஹாலோமீத்தேன் அநேகமாக உருவாவதில்லை.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் 1944இல் குடிநீருக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அங்கே தண்ணீரில் கலந்திருந்த ஃபீனால் என்ற கழிவுப்பொருள் குளோரினோடு சேர்ந்து கெட்ட வாடையும் சுவையும் கொடுத்தது. அதை நீக்குவதற்காகத்தான் முதலில் வந்தது. 1956இல் பிரஸ்ஸல்ஸ் நகரம் பெரிய அளவில் இதற்கு மாறியது. இன்று ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் குடிநீருக்குப் பயன்படுகிறது. சில மருத்துவமனைகளின் குழாய்களில் லெஜனெல்லா கிருமியை ஒழிக்கவும் உதவுகிறது. 2001இல் அமெரிக்க நாடாளுமன்றச் செனட்டர்களின் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளோடு கடிதம் வந்தபோது, ஆளில்லாத அந்தக் கட்டடத்துக்குள் இந்த வாயுவைச் செலுத்தித்தான் சுத்தம் செய்தார்கள். ஆளில்லாத கட்டடம் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடைத்து விற்க முடியாத வாயு

இந்த வாயுவைச் சமையல் எரிவாயுபோல அழுத்தி உருளையில் அடைத்து அனுப்ப முடியாது. காற்றில் 10 விழுக்காட்டுக்கு மேல் சேர்ந்தால் வெடித்துவிடும். வெளிச்சம் பட்டால் சிதையும். அதனால் தேவைப்படும் நீர் நிலையத்திலேயே, தேவைப்படும் நேரத்தில், சோடியம் குளோரைட் என்ற உப்போடு அமிலமோ குளோரினோ சேர்த்து அப்போதைக்கப்போது தயாரிக்கிறார்கள்.

எவ்வளவு சேர்க்கிறார்கள்? அமெரிக்காவில் குடிநீரில் மிஞ்சியிருக்கலாம் என்று அனுமதிக்கும் உச்ச அளவு ஒரு லிட்டருக்கு 0.8 மில்லிகிராம். அதாவது 1,000 லிட்டர் தொட்டி முழுவதற்கும் ஒரு கிராம்கூட இல்லை. ஜெர்மனி இன்னும் கறார். அங்கே சேர்க்கும்போதே 0.4 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? வேலையை முடித்த குளோரின் டை ஆக்சைடில் பெரும்பகுதி குளோரைட் என்ற பொருளாக மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அது அதிகமானால் இரத்தச் சிவப்பணுக்களுக்குக் கேடு. குடிநீரில் குளோரைட் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. இந்த மருந்தைப் பயன்படுத்தும் ஊர்களில் குளோரைட்டையும் சோதனைக்கூடத்தில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். குளோரினில் ஒரு தொல்லை என்றால் இதில் வேறொரு தொல்லை. தொல்லையே இல்லாத கிருமிநாசினி எதுவும் இல்லை.

நம் குழாயில் எது வருகிறது?

சிங்கப்பூரில் நம் வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீரில் காவலுக்கு நிற்பது குளோரின் டை ஆக்சைடு அல்ல, குளோரமின். குளோரினோடு மிகச் சிறிதளவு அமோனியா சேர்த்தால் கிடைப்பது அது. நீர்த்தேக்கத் தண்ணீரில் உள்ள கசடு முதலில் திரண்டு படியும்படி செய்கிறார்கள். பிறகு வடிகட்டுகிறார்கள். பிறகு கிருமி நீக்கம். கடைசியில் குளோரமினைக் கலந்து அனுப்புகிறது பொதுப் பயனீட்டுக் கழகம். கழிவுநீரிலிருந்து எடுக்கும் புதுநீருக்கு நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதா ஒளி என்று தனிப் படிகள் உண்டு.

குளோரமின் எதற்கு? நீர் நிலையத்தில் தண்ணீர் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து நம் சமையலறை வரை அது வர வேண்டிய வழி நீளம். தீவு முழுவதும் 5,000 கிலோமீட்டருக்கு மேல் குழாய்கள் ஓடுகின்றன. உயரமான வீவக அடுக்குமாடிகளில் கூரைத் தொட்டியில் ஏறி, அங்கே காத்திருந்து, பிறகுதான் கீழே இறங்குகிறது. அந்த வழி முழுக்கக் கூடவே ஒரு காவல்காரர் வர வேண்டும். குளோரமின் கிருமியைக் கொல்வதில் குளோரினைவிட மெதுவானது. ஆனால் தண்ணீரில் நீண்ட நேரம் நிலைத்து நிற்கும். டிரைஹாலோமீத்தேன் குறையும், நீச்சல்குள வாடையும் அவ்வளவாக வராது. குளோரின் டை ஆக்சைடோ வேகமாக வேலை செய்துவிட்டு வேகமாகத் தீர்ந்துபோகும். வெப்பம் மிகுந்த ஊரில் நெடுந்தூரக் குழாயில் அதைக் கடைசி வீடு வரை நிலைநிறுத்துவது கடினம். அதிகமாகப் போடலாம் என்றால் குளோரைட் கூடும்.

ஆக, எந்த ஊருக்கு எந்த மருந்து என்பதை அந்த ஊரின் தண்ணீரும் தட்பவெப்பமும் குழாயின் நீளமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வெளிநாட்டில் குளோரின் டை ஆக்சைடு போடுகிறார்கள் என்பதால் நம் தண்ணீர் குறைந்ததாகிவிடாது. சிங்கப்பூரில் குடிநீர்த் தரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு 2019ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் இருக்கிறது.

ஒரு சொட்டின் கணக்கு

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். தண்ணீருக்குப் போடலாம் என்றால் நாம் குடிக்கவும் செய்யலாமே?

‘அதிசயத் தாதுக் கரைசல்’ என்ற பொருள்படும் பெயரில் அமெரிக்காவில் ஒரு திரவத்தை விற்றார்கள். அது 28 விழுக்காடு சோடியம் குளோரைட் கரைசல். அதில் எலுமிச்சை அமிலத்தைச் சேர்த்துக் குடிக்கச் சொன்னார்கள். அப்படிச் சேர்த்தால் கிண்ணத்திலேயே குளோரின் டை ஆக்சைடு உருவாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கரைசலின் ஒரே சொட்டில் ஏறத்தாழ 14 மில்லிகிராம் சோடியம் குளோரைட் உண்டு. அதில் குளோரைட் மட்டும் ஏறத்தாழ 10 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பில் உள்ள தண்ணீரை நாள் முழுவதும் 2 லிட்டர் குடித்தாலும் உடம்புக்குள் போவது 1.4 மில்லிகிராம்தான். அதாவது ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ ஒரு வாரக் கணக்கு. அந்த விற்பனையாளர்கள் ஒரு சொட்டோடு நிறுத்தச் சொல்லவும் இல்லை.

அளவு மட்டுமல்ல, இன்னொரு வேறுபாடும் உண்டு. நீர் நிலையத்தில் இந்த மருந்து தண்ணீரில் உள்ள கிருமியைத் தாக்கி அங்கேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. மிச்சம் இருப்பதை அளந்து பார்த்த பிறகுதான் தண்ணீர் நம்மிடம் வருகிறது. நாம் நேரடியாகக் குடித்தால் அது முதலில் தொடுவது நம் வாயையும் தொண்டையையும் வயிற்றின் உள்தோலையும்தான். எது கிருமி, எது நம் உடம்பு என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. பட்டதையெல்லாம் அரிக்கும். நுரையீரலில் உள்ள வைரசைத் தேடிப் போய்க் கொல்லும் வழி அதற்கு இல்லை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஆகஸ்ட்டில் வெளியிட்ட எச்சரிக்கையில், இதைக் குடித்தவர்களுக்குக் கடும் வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, உடம்பில் நீர் வற்றி உயிருக்கு ஆபத்தான அளவு இரத்த அழுத்தம் இறங்குவது, கல்லீரல் செயலிழப்பு ஆகியவை ஏற்பட்டதாகத் தகவல் வந்திருக்கிறது என்று சொன்னது. வாந்தி வந்தால் ‘மருந்து வேலை செய்கிறது’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். உண்மையில் அது உடம்பு ‘வேண்டாம்’ என்று சொல்வது.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று ஜி சிக்ஸ் பி டி குறைபாடு. சிங்கப்பூரில் 1965ஆம் ஆண்டிலிருந்து பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இதற்கான சோதனை நடக்கிறது. அந்துருண்டை வைக்காதே, சில மருந்துகளைக் கொடுக்காதே என்று மருத்துவர் சொல்லி அனுப்புவாரே, அதுதான். அவர்களுடைய சிவப்பணுக்கள் இதுபோன்ற ரசாயனங்களைத் தாங்காமல் உடைந்துபோகும். அவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு.

வழக்கு என்ன ஆனது?

கொவிட்-19 பரவிய 2020இல் இந்தத் திரவத்தை அந்த நோய்க்கும் மருந்து என்று விற்றார்கள். அதற்கு முன்பே புற்றுநோய், ஆட்டிசம் என்று பட்டியல் நீண்டிருந்தது. ஃபுளோரிடாவில் மார்க் கிரெனன் என்பவரும் அவருடைய மூன்று மகன்களும் ஒரு தேவாலயத்தின் பெயரால் இதை விற்று 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார்கள். 2023 ஜூலையில் நால்வரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதே ஆண்டு அக்டோபரில் தந்தைக்கும் ஒரு மகனுக்கும் 5 ஆண்டுகளும், மற்ற இரு மகன்களுக்கும் 12 ஆண்டுகளுக்கு மேலும் சிறைத்தண்டனை கிடைத்தது.

கழுத்தில் மாட்டிக்கொண்டால் சுற்றியுள்ள வைரசைக் கொல்லும் என்று அட்டைகள் விற்றார்களே, நினைவிருக்கிறதா? அவற்றில் பலவும் இதே வாயுவைச் சொல்லி விற்றவைதான். 2020 ஜூனில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு அத்தகைய பொருள்களின் இணைய விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது.

கடைக்காரர் சிறைக்குப் போனாலும் செய்தி சாகவில்லை. அது ஒரு கைத்தொலைபேசியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோருக்கும், புற்றுநோயோடு போராடும் குடும்பத்துக்கும்தான் இப்படிப்பட்ட செய்தி முதலில் போய்ச் சேர்கிறது. வேறு வழி தெரியாமல் தவிப்பவர்களைத் தேடிப் பிடிக்கும் வியாபாரம் இது.

நேயர்கள் கேட்ட வேறு சில கேள்விகள்

குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டுமா?

சிங்கப்பூரில் அவசியமில்லை. பழக்கமாகிவிட்டது என்றால் காய்ச்சிக் குடிப்பதில் தவறும் இல்லை. காய்ச்சி ஆறவைத்ததை மூடிவைத்துச் சீக்கிரம் குடித்துவிடுங்கள்.

வடிகட்டி வாங்கலாமா?

கரி உள்ள வடிகட்டி சுவையை மாற்றும். ஆனால் காவலுக்கு வந்த குளோரமினையும் அது எடுத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வடிகட்டிய தண்ணீரை நாள்கணக்கில் வைத்திருக்காதீர்கள். வடிகட்டியின் உள்பகுதியைக் குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் அதிலேயே கிருமி வளரும்.

மீன் தொட்டிக்கு?

தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பழைய பழக்கம். குளோரமின் அப்படி எளிதில் போகாது. மீன் கடையில் கிடைக்கும் நீக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே மீனை விடுங்கள். சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரிலிருந்தும் இதை முழுமையாக நீக்கியாக வேண்டும். அதைச் சிகிச்சை நிலையங்கள் பார்த்துக்கொள்கின்றன.

ஊருக்குப் போகும்போது தண்ணீர் மாத்திரை கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். பயணிகளுக்கான மாத்திரைகளில் குளோரின் டை ஆக்சைடு வகையும் உண்டு. மேலே சொன்னதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. எத்தனை லிட்டருக்கு எத்தனை மாத்திரை, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று உறையில் போட்டிருக்கும். சில கிருமிகளுக்கு 4 மணி நேரம்கூட ஆகலாம். அந்த மாத்திரை தண்ணீருக்குத்தான். வாயில் போட்டு விழுங்குவதற்கல்ல. மாத்திரை இல்லையென்றால் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு மேலும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், போதும்.

யாராவது இந்தச் சொட்டு மருந்தைக் குடித்துவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மயக்கம், மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி இருந்தால் உடனே 995ஐ அழையுங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைப்பதால் நேரம்தான் வீணாகும்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பார்கள். இது அமிர்தமும் இல்லை. அளந்து பயன்படுத்தத் தெரிந்தவர்கள் கையில் தண்ணீரைக் காக்கும் ஒரு ரசாயனம், அவ்வளவுதான். இனி இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்றே மூன்று கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு? எதற்குள்? அளப்பது யார்? அந்தச் செய்தியை அனுப்பியவர் நம் சொந்தக்காரராக இருந்தால் சண்டை போட வேண்டாம். “அத்தை, இது தண்ணிக்குப் போடறது, நாம குடிக்கறதுக்கு இல்லை” என்று ஒரு வரி பதில் எழுதிவிட்டு, இந்தப் பக்கத்தையும் அவருக்கு அனுப்பி வையுங்கள்.